ராமானுஜனின் கடைசி இங்கிலாந்து மாதங்கள்: 1729 கதையின் மேல் ஒரு விமர்சனம்

போன டிசம்பர் 22 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தேசியக் கணித நாள். நான் கணித ஆசிரியன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிப்பவன். ராமானுஜனைப் பற்றி இங்கே அவ்வப்போது எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சர் அழைத்தார். சந்தோஷமாகப் போனேன்.

வழக்கம்போல 1729 கதையைச் சொன்னேன். உங்களுக்கும் தெரிந்த கதைதான். ராமானுஜன் நோயாகப் படுத்திருக்கிறார். பார்க்க வந்த ஹார்டி, "நான் வந்த டாக்ஸியின் எண் 1729, ஒரு சுவாரசியமும் இல்லாத எண்" என்கிறார். ராமானுஜன் படுக்கையில் இருந்தபடியே, "இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான்" என்கிறார். போர்டில் எழுதிக் காட்டினேன்: 1³ + 12³ = 1729, 9³ + 10³ = 1729. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், அவருக்கு என்ன வியாதி? கூட யாரு இருந்தாங்க?" காசநோய் என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்து ஒரு பையன், "அவருக்கு உடனே தோணிருச்சு சார். நமக்கெல்லாம் அப்படித் தோணாதே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. ஒரு கணித மேதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, ஒரு பையனிடம் "கணக்கு உனக்கானது இல்லை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவன் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்ன கதையின் சாரமே அதுதான். அதனால் ஹார்டியின் கட்டுரை, ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாறு, பெர்ண்ட்டும் ராங்கினும் தொகுத்த கடிதங்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். இந்தக் குறிப்பு அதன் விளைவு. 1729 பொய் என்று சொல்ல வரவில்லை. நாம் அதைச் சொல்லும் விதம் ராமானுஜனின் கடைசி இங்கிலாந்து மாதங்களை மறைக்கிறது, அந்த மாதங்களில் இதைவிடச் சொல்லத் தகுந்தவை இருக்கின்றன என்பதே என் வாதம்.

கேம்பிரிட்ஜில் இல்லாத கேம்பிரிட்ஜ் நாட்கள்

முதலில் இடத்தைச் சரி பண்ணிக்கொள்வோம். ராமானுஜன் 1914 ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கினார். டிரினிட்டி கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர். 1916 மார்ச்சில், பகு எண்களைப் பற்றிய நீண்ட ஆய்வுக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேறாதவருக்கு அது முதல் பட்டம். இது வரைக்கும் எல்லோரும் சொல்லும் கதை.

1917 வசந்த காலத்தில் உடம்பு விழுந்தது. அதற்குப் பிறகு இங்கிலாந்தில் இருந்த சுமார் இரண்டு வருஷத்தில் பெரும்பகுதியை அவர் கல்லூரி அறையில் கழிக்கவில்லை. முதலில் கேம்பிரிட்ஜிலேயே தாம்சன்ஸ் லேன் தெருவில் ஒரு நர்சிங் ஹோம். பிறகு வெல்ஸ் நகருக்குப் பக்கத்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம். அதை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து என்ற இந்தியர். 1914இல் ராமானுஜன் வந்த நெவாசா கப்பலிலேயே பயணம் செய்தவர். அதன் பிறகு டெர்பிஷயரில் மேட்லாக் சானடோரியம். பிறகு லண்டனில் ஃபிட்ஸ்ராய் ஹவுஸ். கடைசியாக லண்டனின் தென்மேற்கில் பட்னி பகுதியில் காலினெட் ஹவுஸ். 1729 நடந்தது இந்தப் பட்னியில்தான். 1919 பிப்ரவரி 27 அன்று நகோயா கப்பலில் ஏறினார். சரியாக ஒரு மாதம் கழித்து பம்பாயில் இறங்கினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தார். வயது 32.

உலகப் பெருமை வாய்ந்த பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவனின் கடைசி நாட்கள் என்றதும் நம் மனதில் வரும் படம் என்ன? கல் கட்டடங்கள், புல்வெளி, நூலகம், வழியனுப்பும் பேராசிரியர்கள். அவருக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய படுக்கைகள். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது 1918 மே மாதம். டிரினிட்டி ஃபெலோஷிப் கொடுத்தது அதே வருஷம் அக்டோபரில். டிரினிட்டியில் அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவர். இரண்டுமே அவர் நோயாளியாக இருந்தபோது வந்தவை. எஃப்.ஆர்.எஸ். பட்டத்தை நம் பேச்சுகளில் கிரீடம் மாதிரி கடைசியில் வைப்போம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் அது எந்த நிலையில் இருந்த மனிதனுக்கு வந்தது என்று புரிகிறது.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1917இல், டிரினிட்டி ஃபெலோஷிப்புக்கு அவர் பெயர் வந்து தோற்றிருந்தது. 1918இன் தொடக்கத்தில் லண்டனில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டார். போலீஸ் விவகாரமானதை ஹார்டி பேசி முடித்தார். இதைப் பல வருஷங்களுக்குப் பிறகு வெளியே சொன்னவர் இயற்பியலாளர் சந்திரசேகர். ஊரிலிருந்து கடிதங்கள் சரியாக வருவதில்லை. அம்மாவுக்கும் மனைவி ஜானகிக்கும் நடுவே இருந்த சண்டையில் ஜானகி எழுதிய கடிதங்களே அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. யுத்தம் நடப்பதால் கப்பல் ஏறி ஊருக்கு வரவும் வழியில்லை. டாக்ஸி எண்ணைக் கேட்டுப் புன்னகைக்கும் மேதையின் படத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள்.

ஹார்டி எழுதியது என்ன, நாம் சொல்வது என்ன

இப்போது மூலத்துக்கு வருவோம். 1729 கதைக்கு ஒரே சாட்சி ஹார்டி. 1921இல் வந்த அவருடைய இரங்கல் கட்டுரையில் அது ஒரு சின்னப் பத்திதான். அந்தப் பத்தி டாக்ஸியில் ஆரம்பிக்கவில்லை. எண்களின் தனித்தன்மைகளை ராமானுஜன் ஆச்சரியப்படும் விதத்தில் *நினைவில் வைத்திருப்பார்* என்றுதான் ஆரம்பிக்கிறது. அடுத்து, ஒவ்வொரு எண்ணும் ராமானுஜனுக்குச் சொந்த நண்பன் மாதிரி என்று லிட்டில்வுட் சொன்னதாக ஒரு வரி. அதற்கு உதாரணமாகத்தான் டாக்ஸி வருகிறது.

கவனியுங்கள், ஹார்டி பேசுவது நினைவாற்றலைப் பற்றி, பழக்கத்தைப் பற்றி. கண நேரத்தில் கணக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை. நண்பனை வீதியில் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது என்றால் அதற்கு முன்னால் அவனோடு பழகியிருக்கிறோம் என்று அர்த்தம். "சட்டென்று", "மின்னல் வேகத்தில்" எல்லாம் நாம் சேர்த்த மசாலா. நானே பல மேடைகளில் சேர்த்திருக்கிறேன்.

ராமானுஜனுக்கு இந்த எண்ணோடு பழக்கம் இருந்ததா? இருந்தது. 1913இல், அதாவது கப்பல் ஏறும் முன்பே, இந்தியக் கணிதவியல் கழகத்தின் பத்திரிகையில் அவர் வாசகர்களுக்கு ஒரு கேள்வி போட்டார். கேள்வி எண் 441. இந்தச் சமன்பாட்டை நிறுவுங்கள், இதே போல வேறு கண்டுபிடியுங்கள் என்றார்:

(6அ² − 4அஆ + 4ஆ²)³ = (3அ² + 5அஆ − 5ஆ²)³ + (4அ² − 4அஆ + 6ஆ²)³ + (5அ² − 5அஆ − 3ஆ²)³

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராதான். அ, ஆ இருக்கும் இடத்தில் ஏதாவது இரண்டு எண்களைப் போடுங்கள். அ = 1, ஆ = 0 என்று போட்டால் 6³ = 3³ + 4³ + 5³ வருகிறது. அழகாக இருக்கிறது இல்லையா? இப்போது அ = 1, ஆ = −2 போடுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நான்கு அடைப்புக்குறிகளும் வரிசையாக 30, −27, 36, 3 ஆகின்றன. எல்லாமே மூன்றால் வகுபடுகின்றன. வகுத்தால்:

10³ = −9³ + 12³ + 1³

−9³ என்பதை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் 10³ + 9³ = 12³ + 1³. அதேதான், 1729.

பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பட்னிக்கு டாக்ஸி வருவதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே, போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பள குமாஸ்தாவாக இருந்து அப்போதுதான் ஆராய்ச்சிக்கு வந்த ஒருவரின் கேள்விக்குள் அந்த எண் உட்கார்ந்திருக்கிறது. டிரினிட்டியின் ரென் நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த "தொலைந்த நோட்டுப் புத்தகம்" என்று சொல்லப்படும் தாள்களிலும் இதே குடும்பம் வருகிறது. இரண்டு கன எண்களின் கூட்டல், மூன்றாவது கன எண்ணுக்கு ஒன்றே ஒன்று கூட அல்லது குறைய வருவது: 9³ + 10³ = 12³ + 1, 6³ + 8³ = 9³ − 1, 135³ + 138³ = 172³ − 1, 791³ + 812³ = 1010³ − 1. பெரும்பாலும் அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு எழுதிய தாள்கள் அவை. இங்கிலாந்துக்குப் போகும் முன்னால், இங்கிலாந்தில், திரும்பி வந்த பிறகு என்று மூன்று காலத்திலும் ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டிய மனிதர் தெரிகிறார். டாக்ஸி நடுவில் வந்துபோன ஒரு வண்டி, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஹார்டியின் பத்தி நாம் நிறுத்தும் இடத்தில் நிற்கவில்லை. "சரி, நான்காம் அடுக்குகளில் இப்படி ஒரு எண் தெரியுமா?" என்று ஹார்டி கேட்கிறார். ராமானுஜன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கண்ணுக்கு எதுவும் படவில்லை, அப்படி ஒன்று இருந்தால் ரொம்பப் பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்கிறார். அந்த எண்ணை ஆய்லர் முன்பே கண்டுபிடித்திருந்தார்: 635318657. அதாவது 59⁴ + 158⁴, மற்றும் 133⁴ + 134⁴. என் லேப்டாப்பில் பத்து வரி ப்ரோக்ராம் இதை ஒரு நொடிக்குள் கண்டுபிடித்துவிடுகிறது. ராமானுஜனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னார். ஆனால் பெரிய எண்ணாக இருக்கும் என்று சரியாக மதிப்பிட்டார்.

எனக்கு இந்தப் பாதிதான் முதல் பாதியைவிடப் பிடித்திருக்கிறது. பழகிய இடத்தில் நினைவு, பழகாத இடத்தில் நிதானமான மதிப்பீடு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை. இது வேலை செய்கிற ஒரு கணிதவியலாளரின் படம். நாம் மேடையில் வெட்டி எறிவது சரியாக இந்தப் பகுதியைத்தான். ஏனென்றால் தெரியாது என்று சொல்லும் மேதைக்குக் கைதட்டல் வராது.

என்ன வியாதி, கூட யார்

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் இதற்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் உண்டு. ஒன்று, குளிரும் சைவச் சாப்பாடும் அவரைக் கொன்றன. இரண்டு, வெள்ளைக்காரன் கொன்றான். 2015இல் வந்த "தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி" படம் இரண்டாவதற்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது. ராணுவத்தினர் அவரை அடித்துப் போடும் காட்சி ஒன்று அதில் வருகிறது. அந்தப் படத்துக்கு ஆதாரமான கனிகலின் புத்தகத்தில் அப்படி ஒரு சம்பவம் கிடையாது. 1909இல் கல்யாணம் ஆனபோது பத்து வயதுச் சிறுமியாக இருந்த ஜானகியை முழுதாக வளர்ந்த காதல் மனைவியாகக் காட்டியதும் அதே மாதிரிதான். பிரிவுத்துயரம் புரியும்படி ஆகிறது. அந்தக் குடும்பத்தின் உண்மையான சிக்கல் காணாமல் போகிறது.

ஆவணங்கள் சொல்வது இதைவிடச் சாதாரணம், அதனாலேயே கனம். பல டாக்டர்கள் பார்த்தார்கள். வயிற்றுப் புண் என்றார்கள், புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டார்கள், காசநோய் என்று முடிவுகட்டி அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் திறந்த காற்று. ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிரில் படுக்க வைப்பது. 1994இல் டி.ஏ.பி. யங் பழைய மருத்துவக் குறிப்புகளை எல்லாம் அலசி, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். 1906இல் சென்னையில் ராமானுஜனுக்கு வந்த சீதபேதியின் எச்சம் என்பது அவர் கணிப்பு. நோயாளி இல்லாமல் தாள்களை வைத்துச் செய்த கணிப்புதான், ஆனாலும் வாதம் பலமானது. அவர் சொல்வது சரியென்றால், விதை நம் ஊரில் விழுந்தது, கண்டுபிடிக்கத் தவறியது அங்கே. சைவம் கொன்றது என்பதும் வெள்ளைக்காரன் கொன்றான் என்பதும் இரண்டுமே பொருந்தவில்லை.

சாப்பாடு பிரச்சினை இல்லை என்று சொல்லவில்லை. டிரினிட்டியில் அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். யுத்தத்தில் சாமான்கள் தட்டுப்பாடு. சானடோரியத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் "கூட யாரு இருந்தாங்க" என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. ஏ.எஸ். ராமலிங்கம். இங்கிலாந்தின் வடகிழக்கில் கப்பல் கட்டும் ஊரான ஜாரோவில் வேலை பார்த்த ஓர் இன்ஜினியர். ராமானுஜனுக்குச் சாப்பாட்டுச் சாமான்கள் அனுப்பினார். 1918 ஜூனில் மேட்லாக்குக்கு நேரிலேயே போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். என்ன சாப்பிடுகிறார், என்ன சாப்பிட மறுக்கிறார், உடம்பு எப்படி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று. சண்டை நடக்கும் நாட்டில் லீவு போட்டு ரயில் ஏறிப் போன ஒரு மனிதர். எந்தப் பள்ளிப் பேச்சிலும் இவர் பெயரை நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அவரும் நம்மைப் போல இன்ஜினியர்தான் என்று படித்தபோது எனக்கு ஒரு சின்ன வெட்கம் வந்தது.

குளிரைப் பற்றி ராமானுஜனே ஹார்டிக்கு எழுதிய ஒரு கடிதம் உண்டு. சானடோரியத்தில் குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறதாம். தினமும் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்து, சீக்கிரமே இரண்டு மூன்று கட்டுரை அனுப்புகிறேன் என்கிறார். சிரிப்பும் வருகிறது, வேறு என்னவோவும் வருகிறது.

அந்த நோய்க் காலத்து வேலையில் ஒன்று 1919இல் வெளிவந்தது. ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற விஷயம். 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று 5 விதமாகப் பிரிக்கலாம். 9 என்றால் 30 விதம். 14 என்றால் 135 விதம். மேக்மஹோன் என்பவர் 200 வரைக்கும் கையால் கணக்குப் போட்டு ஓர் அட்டவணை தயாரித்திருந்தார். ராமானுஜன் அந்த அட்டவணையைப் பார்த்து, 4, 9, 14, 19 என்று போகும் எண்களுக்கெல்லாம் விடை ஐந்தால் வகுபடுகிறது என்று கவனித்து, ஏன் என்று நிறுவினார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதே மாதிரி உண்டு என்றார். அதற்குப் பிறகு நூறு வருஷமாகக் கணிதவியலாளர்கள் அந்தக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வேறு ஒருவர் போட்ட அட்டவணை, அதைப் பொறுமையாகப் பார்த்த ஒரு நோயாளி. இதில் மின்னல் எங்கே இருக்கிறது?

1919 ஜனவரி 11

என்னைக் கேட்டால், ராமானுஜனின் இங்கிலாந்துக் கடைசி நாட்களுக்கு ஒரே ஓர் ஆவணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1729ஐ எடுக்க மாட்டேன். பட்னியிலிருந்து 1919 ஜனவரி 11 அன்று சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு அவர் எழுதிய கடிதத்தை எடுப்பேன்.

பின்னணி இது. டிரினிட்டி ஃெபெலோஷிப் வருஷத்துக்கு 250 பவுண்ட், ஆறு வருஷத்துக்கு. சென்னைப் பல்கலைக்கழகமும் வருஷம் 250 பவுண்ட், ஐந்து வருஷத்துக்குத் தருவதாகச் சொன்னது. ஆக வருஷத்துக்கு 500 பவுண்ட். 1913இல் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தன் சம்பளம் வருஷத்துக்கு 20 பவுண்ட் என்று எழுதியவர் அவர். ஆறு வருஷத்தில் 25 மடங்கு.

பதில் கடிதத்தில் அவர் சொல்வதன் சாரம்: ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குக் கிடைக்கப்போகும் பணம் என் தேவைக்கு மிக அதிகம். இங்கிலாந்துச் செலவுகள் போக, வருஷத்துக்கு 50 பவுண்ட் என் பெற்றோருக்குப் போகட்டும். என் அவசியச் செலவுகள் போக மீதியைக் கல்விக் காரியத்துக்குப் பயன்படுத்துங்கள். குறிப்பாக ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும். உடம்பு சரியில்லாததால் இரண்டு வருஷமாக முன்பு போலக் கணிதம் செய்ய முடியவில்லை, வருந்துகிறேன். இனி செய்ய முயல்வேன்.

பள்ளிக் கட்டணம், புத்தகம். இந்த இரண்டையும் அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைக்கிறேன். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகை போனதும், கட்டணம் கட்ட வழியில்லாமல் 1905இல் வீட்டைவிட்டு ஓடி விசாகப்பட்டினம் போன பையன் அவர். அவரைக் கணிதத்துக்குள் இழுத்துப் போட்டது கார் என்பவர் தொகுத்த, வெறும் சூத்திரங்களால் நிரம்பிய ஒரு இரவல் புத்தகம். தன் படிப்பை நிறுத்தியது எது, தொடங்கி வைத்தது எது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அடுத்த பையனுக்கு அந்த இரண்டையும் சரி செய்யப் பார்க்கிறார். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்தாள் என்ற கதையை நாம் வருஷா வருஷம் சொல்கிறோம். கட்டணத்தையும் புத்தகத்தையும் பற்றி அவரே கைப்பட எழுதியதைச் சொல்வதில்லை.

அந்த ஏற்பாடு நடக்கவில்லை. கடிதம் எழுதிய பதினைந்து மாதத்தில் அவர் போய்விட்டார். ஜானகி அம்மாள் பின்னாளில் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்தார். ஆனால் ஆசை நிறைவேறாததால் கடிதம் சிறியதாகிவிடாது.

கதைக்கும் நியாயம்

ஒரு விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். 1729 இல்லாவிட்டால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ராமானுஜன் ஒரு தபால்தலை முகம் மட்டும்தான். கன எண் தெரிந்த யாருக்கும் அரை நிமிஷத்தில் புரிகிற கணிதம் அது. அவருடைய மற்ற வேலையில் அப்படி அதிகம் கிடையாது. ஹார்டியும் அதைத் தன் நண்பனின் மேல் இருந்த பிரியத்தில்தான் எழுதினார். கதையை எறியச் சொல்லவில்லை. அதை முழுசாகச் சொல்லுங்கள் என்கிறேன். முன்னால் 1913இன் கேள்வி 441, பின்னால் நான்காம் அடுக்குக்குச் சொன்ன "தெரியவில்லை", சுற்றிலும் அந்தக் குளிர்ந்த அறை. அப்படிச் சொன்னால் அது அதிசயக் கதையாக இருக்காது. ஒரு மனிதன் உடம்பு முடியாத நாளிலும் தனக்குப் பழகிய வேலையோடு இருந்த கதையாக இருக்கும்.

வரும் டிசம்பரில் அதே பள்ளிக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தடவை டாக்ஸியில் ஆரம்பிக்கப் போவதில்லை. கேள்வி 441ஐ போர்டில் எழுதி, அ = 1, ஆ = −2 என்று போடச் சொல்லி, சாக்பீஸை அந்தப் பையன் கையில் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். கணக்கு முடிந்து 1729 வரும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ராமலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு வருஷம் தாமதமாக.